எட்டு கிரவுண்டு

2024 ஆகஸ்ட் 18, ஞாயிறு

நலச்சங்கக் கூட்டத்தில் இன்று மனு வாசித்தார்கள். குறுக்குத் தெரு முனையில் கிடக்கும், திறந்தவெளிக்கென ஒதுக்கிய ஓ.எஸ்.ஆர். இடத்தைச் சமப்படுத்தி, சிமென்ட் தளம் போட்டு, கார் நிறுத்த விட்டுவிடும்படி கவுன்சிலரைக் கேட்பதாகத் தீர்மானம். கையெழுத்துத் தாள் என்னிடம் வந்தபோது ஏறக்குறைய நிரம்பியிருந்தது. நான் போடவில்லை.

"உங்ககிட்ட கார் இல்ல, அதான் யோசிக்கிறீங்க மேடம்" என்றார் செயலாளர். கோபமாகச் சொல்லவில்லை. அவர் அவதி எனக்குத் தெரியும். இரவு பத்து மணிக்கு வேலை முடிந்து வந்து, வண்டியை விட இடம் தேடி மூன்று தெரு சுற்றுகிறார். சென்ற மாதம் யாரோ கண்ணாடியை உடைத்துவிட்டுப் போனார்கள். ஆனால் அந்த இடம் யார் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது என்பது கூட்டத்தில் ஒருவர் வாயிலும் வரவில்லை.

மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலைகள் போக மீதியில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விட்டு, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். அப்படி வந்த எட்டு கிரவுண்டு இது. மனை வாங்கிய ஒவ்வொருவரும் தன் சதுர அடி விலையோடு சேர்த்து இதற்கும் பணம் கொடுத்திருக்கிறார். இத்தனை வருஷத்தில் அங்கே வளர்ந்தது சீமைக்கருவேலமும், வீடு இடித்தவர்கள் கொட்டிய செங்கல் குவியலும்தான். ஒரு மூலையைப் பையன்கள் சுத்தம் செய்து கிரிக்கெட் ஆடுகிறார்கள்.

குடியிருப்பவர்கள் கூடிப் பேசும் பகுதி சபைக்கு இந்த வட்டத்தில் நியமித்த பத்துப் பேரில் நானும் ஒருத்தி. கவுன்சிலரைப் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

போன் செய்தபோது கவுன்சிலரே எடுத்தார். இதை எழுதி வைக்கக் காரணம் உண்டு. மாமன்றத்தில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் வந்த பிறகும், போனை எடுப்பதும் கான்ட்ராக்டரிடம் பேசுவதும் கணவர் என்று இருக்கிற வட்டங்கள் இருக்கின்றன. இவர் அப்படி இல்லை. காலை ஆறரைக்கெல்லாம் துப்புரவுப் பணியாளர் வருகைப் பதிவு நடக்கும் இடத்தில் நிற்கிறார். அங்கேயே வரச் சொன்னார்.

"மனு என்கிட்ட வந்துடுச்சு அக்கா" என்றார். என்னைவிடச் சின்னவர், நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன், வட்டத்தில் எல்லோரும் அப்படித்தான். "பார்க்கிங் குடுத்தா அடுத்த தேர்தல்ல எனக்கு நல்லது. ஆனா குடுக்க மாட்டேன்."

ஏன் என்று கேட்டேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினார். கார் ஒன்றுக்கு இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர். உள்ளே வர, திரும்ப வழி விட்டால் அதற்கு இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. எட்டு கிரவுண்டில் அறுபது கார் நிற்கலாம். தெருக்களில் இரவில் நிற்பது இருநூறுக்கு மேல். "மீதி நூத்தி நாப்பது பேரு எங்க போவாங்க? யாருக்கு இடம்னு சண்டை வரும். சாவி வெச்சிருக்கறவன் ராஜா ஆயிடுவான். ரெண்டு வருஷத்துல இன்னும் அறுபது கார் வாங்கிடுவாங்க."

அவரிடம் மக்கள் கேட்பதும் அவர் கையில் இருப்பதும் எவ்வளவு தூரம் என்று இன்று நேரில் பார்த்தேன். அரை மணி நேரத்தில் பத்துப் பேராவது வந்திருப்பார்கள். பாதாளச் சாக்கடை இணைப்பு: அது மெட்ரோ வாட்டர். 'நோ பார்க்கிங்' பலகை: போக்குவரத்துப் போலீஸ். ஏரிக்கரை உடைப்பு: நீர்வளத் துறை. தாழ்வாகத் தொங்கும் கம்பி: ஈ.பி. அடுக்குமாடிக்கு அனுமதி: சி.எம்.டி.ஏ. குப்பை வண்டி வரவில்லை: ஒப்பந்த நிறுவனம். வந்தவற்றில் தெருவிளக்கும் உட்புறச் சாலையும் மழைநீர் வடிகாலும்தான் நேராக மாநகராட்சியினுடையவை. ஆனாலும் ஒருவரையும் "இது என் வேலை இல்ல" என்று அவர் திருப்பி அனுப்பவில்லை. மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம். அதுவே 2023 ஜூலையிலிருந்துதான். பெட்ரோலுக்கும் போனுக்கும் கல்யாண மொய்க்கும் அது காணாது.

1992இன் 74ஆவது திருத்தம் நகர உள்ளாட்சிகளுக்கென்று பதினெட்டுப் பணிகளைப் பட்டியலிட்டது. நகரத் திட்டமிடல், குடிநீர், பூங்கா, விளையாட்டிடம், சுற்றுச்சூழல் எல்லாம் அதில் உண்டு. பட்டியலில் இருப்பதில் பாதிகூடக் கவுன்சிலர் மேசைக்கு வந்து சேரவில்லை. ஆனால் ஜனங்கள் திட்டுவது அந்த மேசையைத்தான்.

ஆகஸ்ட் 22, வியாழன்

இன்று சென்னை நாள். அலுவலகத்தில் பழைய மதராஸ் படங்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அந்தப் படங்களில் இல்லை. தென்சென்னையில் எங்கள் பக்கம் மாநகராட்சியோடு சேர்ந்தது 2011இல். ஊராட்சியாக, பேரூராட்சியாக, நகராட்சியாகத் தனித்தனியாக இருந்தவற்றை ஒன்றாக்கி 200 வட்டம், 426 சதுர கிலோமீட்டர் என்று ஆக்கினார்கள். வீட்டுவரி ரசீதில் மாநகராட்சி முத்திரை உடனே வந்துவிட்டது. பாதாளச் சாக்கடை எங்கள் தெருவுக்கு இன்னும் வரவில்லை.

அதனால் கழிவுநீர் லாரி வந்தாக வேண்டும். மாலையில் வந்தது. தெரு இருபது அடி. ஒரு பக்கம் கார் நின்றால் லாரி நுழையும். இரண்டு பக்கமும் நின்றால் நடுவில் எட்டு, ஒன்பது அடி மிச்சம். லாரியின் அகலமே எட்டு அடி. டிரைவர் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, குழாயோடு குழாய் மாட்டி இழுத்துக்கொண்டு வந்தார். மூட்டு இடத்தில் கசிந்து தெருவெல்லாம் நாற்றம். அதற்கும் கூலி கூடுதல். இந்த லாரி நுழையாத தெருவில் தீயணைப்பு வண்டி எப்படி நுழையும்?

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பக்கத்து வட்டக் கவுன்சிலரைப் பார்த்தேன். எழுபதை நெருங்குகிறார். இந்தப் பக்கம் ஊராட்சியாக இருந்த காலத்திலேயே வார்டு உறுப்பினர். இவர் வட்டத்திலும் ஓர் ஓ.எஸ்.ஆர். இடம் உண்டு, அங்கே ஏற்கெனவே வண்டிகள் நிற்கின்றன. எழுத்துமூலம் யாரும் அனுமதி தரவில்லை, தடுக்கவும் இல்லை.

அவரைத் தப்பாக நினைத்துக்கொண்டு போகக் கூடாது என்று தீர்மானித்தே போனேன். திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார்.

"சட்டம் எனக்கும் தெரியும்மா. ஆனா ராத்திரி பதினோரு மணிக்கு எனக்குப் போன் வருது. ரெண்டு குடும்பம் தெருவுல அடிச்சுக்குது. ஒருத்தன் வீட்டு வாசல்ல இன்னொருத்தன் காரை விட்டுட்டான். அண்ணன் தம்பி மாதிரி இருந்தவங்க. போலீஸ் வந்து ரெண்டு பேரையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போவுது. அப்ப நான் மரம் நடணும்னு பேசுனா கேப்பானா? ஐ.டி. கம்பெனில வேலை செய்யற பொண்ணு நடுராத்திரி வண்டிய எங்கியோ விட்டுட்டு இருட்டுல நடந்து வரணுமா?"

அந்தக் கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நானும் இருட்டில் நடந்து வந்தவள்தான்.

பிறகு அவரே பேச்சை மாற்றி, ஊர் எப்படி இருந்தது என்று சொல்லத் தொடங்கினார். கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரிக்கு, அது நிரம்பினால் பள்ளிக்கரணை சதுப்புக்கு, அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு. எந்தக் கலங்கலில் எப்போது தண்ணீர் வழியும், எந்தக் கால்வாயில் என்ன மீன் ஏறும் என்று விரல் விட்டுச் சொன்னார். மடையைக் கவனிக்கும் நீர்க்கட்டிகள் பலகையை எடுப்பதும் போடுவதும் அவர் பேச்சில் நேற்றுப் பார்த்ததுபோல வந்தது. அந்தக் கால்வாய் இப்போது எங்கே என்று கேட்டேன். கையை நீட்டி, எதிர்வரிசை அடுக்குமாடிகளைக் காட்டினார்.

"பஞ்சாயத்துல நாங்க தடுத்திருக்கணும். அப்ப வீடு வந்தா ஊரு வளரும்னு நெனச்சோம்."

இதைச் சொன்னவரே இன்னொரு துண்டு மண்ணையும் ஏன் காருக்கு விட்டுக்கொடுக்கிறார் என்பது எனக்குப் புரியவில்லை. பயமாக இருக்கலாம். 2016 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை, மாமன்றம் இல்லாமல் தனி அதிகாரிகள் ஆட்சியில், ஜனங்கள் யாரிடமும் போய்க் கேட்க வழியில்லாமல் இருந்தது. ஐந்து வருஷத்துக்கும் மேல் சேர்ந்துபோன கோபம் முழுவதும் வந்து விழுந்தது பிறகு வந்த கவுன்சிலர்கள் தலையில். 'முடியாது' என்று சொல்ல எந்தக் கவுன்சிலருக்கும் தைரியம் வராது. எங்கள் கவுன்சிலருக்கு எப்படி வந்தது என்பதுதான் ஆச்சரியம்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

என்னோடு வேலை பார்ப்பவரின் உறவினர் வடசென்னையில் கவுன்சிலர். மதியம் போனில் பேசினேன். பார்க்கிங் பிரச்சினை என்றதும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "எங்க ஜனங்க கேக்கறது வேற சிஸ்டர். கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகை வீட்டுக்குள்ள வரக் கூடாது. குழாய்ல வர்ற தண்ணியில சாக்கடை கலக்கக் கூடாது. பொம்பளப் புள்ளைங்களுக்குக் கதவு சாத்தற கக்கூஸ் வேணும்."

ஒரே மாநகராட்சி, ஒரே மாமன்றம். ரிப்பன் மாளிகையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறவர்கள். வசதி என்கிற சொல் ஒரு வட்டத்தில் கார் நிற்கும் இடம், இன்னொரு வட்டத்தில் மூச்சு. தென்சென்னையில் எங்கள் குரல் பத்திரிகைக்குச் சீக்கிரம் போய்விடுகிறது. அதைக் கொண்டு நாங்கள் என்ன கேட்கிறோம் என்பதில் எங்களுக்குப் பொறுப்பு இருக்கிறது.

ஆகஸ்ட் 28, புதன்

விடிகாலையில் சதுப்புநிலத்து ஓரமாகப் போனேன். இருநூறடிச் சாலை அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. ஒரு பக்கம் கோரைப் புல்லும் தண்ணீரும், நீலத்தாழைக்கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. மறுபுறம் தூரத்தில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு. 225 ஏக்கர். பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரித்து நிலத்தை மீட்கும் வேலை நடக்கிறது. 2022 ஏப்ரல் 27இல் இது தீப்பிடித்தபோது வந்த புகையை இந்தப் பக்கத்துக் குழந்தைகளின் இருமல் இன்னும் மறக்கவில்லை. அதே ஏப்ரல் மாதத்தில்தான் சதுப்பு ராம்சர் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. ஒரே நிலத்துக்கு உலக அங்கீகாரமும் தீயும்.

ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த நிலம் இது. தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் வந்து தங்குமிடம். ராம்சர் எல்லைக்குள் இன்று இருப்பது சுமார் 1,248 ஹெக்டேர். சுருங்கிய பரப்பில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். 2023 டிசம்பர் 4ஆம் தேதி, மிக்ஜாம் புயலன்று, பள்ளிக்கரணையில் ஒரு குடியிருப்பு வளாகத்துக்குள் நிறுத்திய கார்கள் வெள்ளத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து போன காட்சியை நாடே பார்த்தது. அவை ஒழுங்காகப் பார்க்கிங்கில் நின்ற கார்கள். மழைக்கு முன்பே வேளச்சேரி மேம்பாலத்தில் காரை ஏற்றி வைத்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது: இந்தப் பக்கம் தண்ணீருக்கு இடம் கொடுக்காமல் காருக்கு இடம் கொடுக்க முடியாது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். எட்டு கிரவுண்டு என்பது ஏறத்தாழ 1,780 சதுர மீட்டர். பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் அதன்மேல் விழுவது 1,78,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் பதினைந்து லாரி. சிமென்ட் போட்டால் அவ்வளவும் தெருவுக்கு. நடுவில் குழி வெட்டிக் குளமாக விட்டால் அதில் பெரும்பகுதி அங்கேயே நிற்கும், இறங்கும். மாநகராட்சி இப்படிக் குளத்தோடு கூடிய ஸ்பாஞ்ச் பூங்காக்களைப் பல இடங்களில் போட்டிருக்கிறது. புதிதாக யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியது எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 31, சனி

நாளை பகுதி சபை. பேசவேண்டியதை எழுதி வைத்தேன். 1991இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பெங்களூர் வழக்கு ஒன்று இருக்கிறது. பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். குடியிருப்பவர்கள் வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். மருத்துவமனைக்கே விடாத இடம். இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஜப்பானையும் சொல்லலாம்: கார் நிறுத்த இடம் இருக்கிறது என்று சான்று காட்டினால்தான் பதிவு என்று 1962லேயே அங்கே சட்டம் வந்துவிட்டது.

செப்டம்பர் 1, ஞாயிறு

சமுதாயக்கூடம் நிறைந்துவிட்டது. மாநகராட்சியிலிருந்து உதவிப் பொறியாளர் (ஏ.இ.) வந்தார், காவல் நிலையத்திலிருந்து எஸ்.ஐ. வந்தார். மெட்ரோ வாட்டருக்கும் கடிதம் கொடுத்திருந்தோம், யாரும் வரவில்லை.

செயலாளர் முதலில் பேசினார், நன்றாகவே பேசினார். நான் மழைக்கணக்கைச் சொன்னபோது பின்வரிசையில் ஒருவர், "மழை வருஷத்துல பத்து நாள், கார் தினமும்" என்றார். கைதட்டல். பெங்களூர் வழக்கைச் சொன்னேன். அதற்குக் கொஞ்சம் அமைதி. இன்னொரு குழு எழுந்து, அங்கே பெண்களுக்கு ஜிம் கட்டலாம் என்றது. அங்கன்வாடி என்றார் ஒருவர். கோயில் என்று ஒரு குரல் கேட்டது, கவுன்சிலர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெறும் மண்ணாக இருக்கிற இடத்தைப் பார்த்தால் எல்லோருக்கும் அது காலியாகவே தெரிகிறது.

யாரும் கூப்பிடாமல் பேசியவர் ஒருவர். எங்கள் தெருக்களில் பேட்டரி வண்டி ஓட்டிக் குப்பை வாங்குகிற அம்மா. வாசலோரம் நின்றிருந்தார். "நாங்க இந்த ஏரியாவுல குடியில்ல. பேசலாமா?" என்று கேட்டார். கவுன்சிலர் முன்னால் வரச் சொன்னார்.

"காலைல ஆறு மணிக்கு வர்றோம். ரெண்டு மணி வரைக்கும் ஒண்ணுக்குப் போக இடமில்ல. தண்ணி குடிக்காம இருக்கோம். சோறு அந்தக் கருவேலமரத்தடியிலதான் திங்கறோம். அதையும் வெட்டிட்டு சிமென்ட் போட்டா நிழலுக்கு எங்க போறது? கார் நிக்கற தெருவுல வண்டியும் போவாது, தலையில தூக்கிட்டு வர்றோம்."

கூடத்தில் பேச்சில்லை. இத்தனை வருஷம் தினமும் காலையில் பார்க்கிற முகம். அவர்களுக்கு ஒரு கழிப்பிடம் வேண்டும் என்று எங்கள் சங்கத்தின் எந்த மனுவிலும் எழுதியதில்லை.

கவுன்சிலர் அதற்குப் பிறகுதான் எழுந்தார். ஓ.எஸ்.ஆர். இடத்தில் எந்தக் கட்டடமும் வேண்டாம், நல்லதற்கென்று ஒன்று கட்டினால் அதைக் காட்டியே பத்து வரும் என்றார். பணியாளர்களுக்குக் கழிப்பறையும் உட்கார்ந்து சாப்பிட அறையும் வட்ட அலுவலகத்துக்குப் பின்னால் உள்ள இடத்தில், தன் வட்ட மேம்பாட்டு நிதியிலிருந்து, எல்லாவற்றுக்கும் முன்னால். எட்டு கிரவுண்டில் குளத்தோடு பூங்கா, பையன்களின் மூலை அப்படியே விளையாட்டிடமாக. கார்களுக்கு, இருபதடித் தெருக்களில் ஒரு பக்கம் மட்டும். எந்தப் பக்கம் என்பது மாதத்துக்கு மாதம் மாறும். எஸ்.ஐ., தெருவாரியாகப் பட்டியல் கொடுத்தால் மேலே அனுப்புவதாகச் சொன்னார். பேருந்து நிறுத்தத்திலிருந்து உள்ளே வரும் சாலை முழுக்க விளக்கு எரிய வேண்டும் என்று நான் சேர்க்கச் சொன்னேன். பக்கத்து வட்டத்துப் பெரியவர் கேட்ட கேள்வி அது.

ஒரு பக்கம் என்றால் பாதிக் கார்கள் எங்கே போகும்? அதைக் கேட்டார்கள், கத்தினார்கள். கவுன்சிலர் பூசி மெழுகவில்லை. "உங்க அப்பார்ட்மென்ட்ல கீழ்த்தளம் கார் நிறுத்தத்தான் அனுமதி வாங்குனீங்க. அதுல எத்தன பேரு ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருக்கீங்க, ஸ்டோர் ரூம் ஆக்கியிருக்கீங்க? அதை முதல்ல காலி பண்ணுங்க. நோட்டீஸ் குடுக்கச் சொல்லி நானே எழுதித் தரேன்." முன்வரிசையில் சிலர் எழுந்து வெளியே போய்விட்டார்கள்.

கை தூக்கச் சொன்னபோது தீர்மானத்துக்குப் பெரும்பான்மை கிடைத்தது. நூலிழையில்தான். பெண்கள் தூக்கிய கைகளால் கிடைத்தது.

செப்டம்பர் 3, செவ்வாய்

சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். பரவாயில்லை என்று எழுதமாட்டேன், வருத்தமாகத்தான் இருக்கிறது. இவர்களோடுதான் வெள்ளத்தில் பால் பாக்கெட் பங்கிட்டேன்.

மாலையில் செயலாளர் வீட்டுக்கு வந்தார். அவர் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஓர் அறை உண்மையிலேயே பார்க்கிங் இடத்தில் கட்டியதாம். கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச்சு வந்தபிறகு வீட்டுக்காரர்களுக்குள் தகராறு. "இடிக்க ஒத்துக்கிட்டா நாலு கார் உள்ள போயிடும்" என்றார். ஒருபக்கப் பட்டியலைத் தன் தெருவுக்குத் தானே எழுதித் தருவதாகவும் சொன்னார். பூங்காவுக்கு இன்னும் சம்மதிக்கவில்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

நாளை பிள்ளையார் சதுர்த்தி. எட்டு கிரவுண்டின் ஓரத்தில் பந்தல் போட இளைஞர்கள் கேட்டார்கள். களிமண் பிள்ளையார், பத்து நாளில் இடத்தைக் கூட்டித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு கவுன்சிலர் சரி என்றார். அதற்காகச் செங்கல் குவியலை அவர்களே அள்ளி ஒதுக்கிவிட்டார்கள்.

தீர்மானத்தின் நகல் மண்டல அலுவலகத்துக்குப் போய்விட்டது. பூங்காவுக்கு மதிப்பீடு போட ஏ.இ. அளக்க வருவார். அதற்குள் தானப் பத்திரத்தின் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார் கவுன்சிலர். எல்லைக் கல் இரண்டு காணோம். கழிப்பறைக்கான கோப்பில் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒருபக்கப் பட்டியலில் இன்னும் மூன்று தெரு பாக்கி. ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு நானும் செயலாளரும் போகிறோம். வடகிழக்குப் பருவமழைக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது.